அவித்த களியும் அம்மம்மாவின் தூளும்

1990 யூலையில் இலங்கையின் மன்னார்த் தீவில், பேசாலையில் வள்ளம் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. சண்டை திரும்பவும் தொடங்கி ஒரு மாதம். இரவோடிரவாக தனுஷ்கோடிக் கரையில் இறக்கிவிட்டார்கள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிச்சனத்தை நோய் இருக்குதா என்று மறித்து வைத்துப் பார்த்த இடம் அது. அவர்கள் போன வழியால் நாங்கள் வந்தோம்.

அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் பஸ் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில், பாம்பாறு அணைக்கட்டில் போய் நின்றது. (அப்போது எல்லாம் தருமபுரி மாவட்டம்தான், கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004இல்.) அப்பா இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். டிரைவர் சிரித்துவிட்டார். கரைவலை இழுத்த மனுஷனுக்குக் கற்குன்றும் புளியமரமும்.

முதல் மாதம் லொறியில் உடுப்பு மூட்டை வந்தது. எனக்குக் கிடைத்தது கம்பளிச் சட்டை, ஆடி வெயிலில். அம்மா ஓர் அலுமினியப் பானை வாங்கினா. படம் எடுக்க வந்தவர் சரியாக விழவில்லை என்று பானையைத் திருப்பி வாங்கி, இன்னொருமுறை கை நீட்டச் சொன்னார். அம்மா நீட்டினா. அந்தப் பானையில் மூன்று நாள் உலை வைக்கவில்லை.

அரசாங்கம் கிலோ 57 பைசாவுக்கு அரிசி தந்தது, மாதம் பணக்கொடை தந்தது. குறை சொல்ல மாட்டேன், அதுதான் உயிரைக் காத்தது. ஆனால் சோற்றுக்கு முன்னால் எங்கள் வாசலுக்கு வந்தது களி. பக்கத்துக் காட்டில் கேழ்வரகு போட்டிருந்த ஆயா ஒரு சட்டியில் கொண்டுவந்தார். அம்மம்மா ஒரு வாய் வைத்து மென்றா, மென்றா, மென்றுகொண்டே இருந்தா. ஆயாவுக்குப் பொறுக்கவில்லை.

"மெல்லக் கூடாதும்மா, முழுங்கணும்!"

உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, கண்ணை மூடித் தொண்டையில் இறக்கிக் காட்டினார். நாங்கள் சிரித்தோம். வள்ளம் ஏறின பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அடுத்த கிழமை ஆயா வெறுங்கையோடு வந்தார். "உங்க மீன் கொழம்பு வாசம் எங்க காடு வரைக்கும் வருது. அந்தத் தூளு கொஞ்சம் குடு." அணையில் அப்பா பிடித்த கெண்டை அது. "உப்பில்லாத தண்ணி மீன்" என்று அம்மம்மா கடைசிவரை அதைத் தொடவில்லை, குழம்பு மட்டும் வைத்துத் தருவா. அன்று உசாராக எழும்பி மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் கருகாமல் வறுத்து, ஆயா வீட்டு உரலிலேயே இடித்துக் கொடுத்தா. அதற்குப் பிறகு களிக்கு நாங்கள் கூச்சப்படவில்லை.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதோடு கெடுபிடி கூடியது. செக்கிங் நாளில் எல்லோரும் முகாமில் நிற்க வேண்டும். அன்றைக்குப் பெயின்ட் வேலை, கூலி வேலை எல்லாம் போச்சு. அந்த நாட்களிலும் ஆயா கேட்டுக்கு வெளியே நின்று, "தூளு தீந்துடுச்சு" என்று கத்துவார்.

2021இல் முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், 7,469 புது வீடு கட்டுவதாக அறிவித்தார்கள். எனக்கு இப்போது வேலையிடத்தில் 'பேசுவேன்', வீட்டில் 'கதைப்பேன்'. களியை மெல்லாமல் விழுங்குவேன். என் மகளுக்குத் தூள் வறுக்கத் தெரியும். போன மாதம் ஆயாவின் பேத்தி போன் போட்டாள்: "சித்தப்பா, அரைக் கிலோ அனுப்புங்க. காரம் கொஞ்சம் கம்மியா."