நலம் விசாரித்தால் பதில் சொல்லலாமா?

அமெரிக்கர் ஒருவர் நடந்துகொண்டே "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் அது கேள்வியே இல்லை, வெறும் வணக்கம், இது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது, நிறுத்தி வைத்து முதுகுவலி வரை சொல்லியிருக்கிறேன், பாவம் அந்த மனுஷன். செய்தி சொல்வதற்காக இல்லாமல் உறவைத் தக்கவைக்க மட்டுமே பேசும் இந்தப் பேச்சைப் பற்றி மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923லேயே எழுதிவிட்டார்.

நெதர்லாந்துக்காரர் பலர் "இது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள், கோபமெல்லாம் கிடையாது. அதையே பிரிட்டிஷ்காரர் "சுவாரசியமாக இருக்கிறதே" என்பார், நாம் பாராட்டு என்று நம்பி பூரித்துப்போவோம். ஈரானில் 'தாரோஃப்' என்றொரு வழக்கம்: கடைக்காரர் "காசெல்லாம் வேண்டாம்" என்பார், சரி என்று கிளம்பிவிடக் கூடாது, வற்புறுத்திக் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட என்னை அசத்தியது மௌனக் கணக்குதான். 2009இல் வந்த ஆய்வொன்றில் 10 மொழிகளில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தார்கள். ஜப்பானிய மொழியில் சராசரி 7 மில்லிவினாடி (நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்!), டேனிஷில் 469. அரை வினாடிகூட முழுசாக இல்லை, ஆனால் அதற்குள் "ஐயோ, தப்பாக ஏதோ கேட்டுவிட்டோமோ" என்று மனசு கதை கட்டிவிடுகிறது.