பாதியைத் திருப்பிக் கொடு

ஜப்பானில் குழந்தை பெற்றுக்கொண்ட நம்மவர்கள் எல்லோருக்கும் ஒரு கணக்கு சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஒருவர் 10,000 யென் அன்பளிப்பு கொடுத்தால், ஏறக்குறைய 5,000 யென்னுக்கு ஒரு பொருளை வாங்கி அவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதையும் ஒரு மாதத்தை ஒட்டிச் செய்துவிட வேண்டும். மேலதிகாரியோ வயதில் பெரியவரோ தாராளமாகக் கொடுத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். இந்தப் பதில் மரியாதைக்கு உச்சி-இவாய் என்று பெயர்.

எங்கள் மகள் பிறந்தபோது வந்த உறைகளை மனைவி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய காகிதக் கயிறு கட்டியிருக்கும். குழந்தை பிறந்ததற்கு அதை இழுத்தால் அவிழ்கிற சுருக்கு முடிச்சாகப் போடுவார்கள். நல்ல காரியம்தானே, மறுபடியும் வரட்டும் என்பது கணக்கு. கல்யாண உறையிலும் சாவு வீட்டு உறையிலும் அவிழாத முடிச்சு. அவை ஒரு தடவையோடு போதும்.

பதில் மரியாதை செய்ய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குப் போனால் அதற்கென்றே ஒரு கவுன்டர் இருக்கிறது. பிஸ்கட், டீத்தூள், துண்டு என்று எதை எடுத்தாலும் மேலே சுற்றும் தாளில் குழந்தையின் பெயரை அச்சடித்துத் தருவார்கள். பரிசு வாங்கியது குழந்தை, அதனால் நன்றி சொல்வதும் குழந்தைதான். யாழினி என்ற பெயரைக் கவுன்டர் அம்மா மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ழகரத்துக்கு ஜப்பானிய எழுத்தில் இடமில்லாததால் 'யாரினி' ஆக்கிவிட்டார். ஆனால் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

இதை ஊருக்குப் போனில் சொன்னபோது அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. "ஏம்ப்பா, குடுத்த மறுமாசமே திருப்பிக் குடுத்தா உறவை முறிச்சுக்கிற மாதிரில்ல இருக்கு?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். ஆடி, ஆவணியில் மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைக்கும் ஊர்கள் அவை. மொய் நோட்டில் ஏறிய தொகைக்கு அவசரமே கிடையாது. மொய் வைத்தவர் வீட்டு விசேஷம் வரும்வரை அது காத்திருக்கும். அன்றைக்கும் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் வைப்போம், பாக்கி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடும். ஆக, கணக்கை நேர் செய்யாமல் வைத்திருப்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை. இங்கே பட்ட கடனில் பாதியையாவது உடனே இறக்கி வைப்பது மரியாதை.

இத்தனைக்கும் ஜப்பானியக் கல்யாணத்துக்குப் போனால் ஊர் மண்டபம்தான் நினைவுக்கு வரும். வாசலில் மேசை போட்டு ஆள் உட்கார்ந்திருப்பார். உறையைக் கொடுத்துவிட்டு நோட்டில் பெயர் எழுத வேண்டும். நண்பர் கல்யாணம் என்றால் 30,000 யென் வைப்பது வழக்கம். 20,000 என்றால் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று தயங்குவார்கள். 101, 501 என்று ஒற்றை ரூபாய் சேர்த்து வைக்கும் நமக்கு இதைப் புரியவைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. நோட்டு மட்டும் புத்தம் புதிதாக இருக்க வேண்டும், அதற்காக வங்கிக்குப் போய் மாற்றுவார்கள். சாவு வீட்டுக்குப் புது நோட்டு ஆகாது. சாவை எதிர்பார்த்துத் தயாராக எடுத்து வைத்திருந்தது போல் ஆகிவிடும்.

உணவகத்தில் டிப்ஸ் வைக்கும் பழக்கம் இங்கே இல்லை. மறந்து விட்டுப்போன காசு என்று நினைத்துப் பின்னாலேயே கொண்டுவந்து தருவார்கள். விடுமுறை முடிந்து அலுவலகம் திரும்பினால் எல்லோர் மேசையிலும் தனித்தனியாகச் சுற்றிய ஓர் இனிப்பு வைக்க வேண்டும். நாம் இல்லாத நாட்களில் நம் வேலையை அவர்கள் பார்த்ததற்கு அது நன்றி. அதிரசம், மைசூர்பாகு எல்லாம் இதற்குச் சரிப்படாது. காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றிய கடலைமிட்டாய்தான் கச்சிதம்.

எனக்கு இன்றுவரை கைவராதது, இரண்டாம் முறை நன்றி சொல்வது. போன வாரம் ஒருவர் காபி வாங்கிக் கொடுத்திருந்தால், இந்த வாரம் பார்த்ததும் முதல் பேச்சே "அன்றைக்கு ரொம்ப நன்றி" என்றுதான் இருக்க வேண்டும். வீட்டில் அம்மாவிடம் ஒரு தடவைகூட வாய்விட்டு நன்றி சொல்லாமல் வளர்ந்த ஆளுக்கு இது கொஞ்சம் கூச்சம்தான்.

டோக்கியோவில் எங்கள் நிஷிகசாய் குடியிருப்பில் தமிழ்ப் பேச்சு காதில் விழாத நாள் குறைவு. 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் நிலைத்த பகுதி இது. எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவர் ஜப்பானியப் பாட்டி. குடிவந்த அன்று வழக்கப்படி ஒரு துண்டைச் சுற்றி அவருக்குக் கொடுத்தோம். இலையுதிர்காலத்தில் அவர் ஒரு கிண்ணம் நிறைய சீமைப்பனிச்சம்பழம் (பெர்சிமன்) தந்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மனைவி அதில் முறுக்கு வைத்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் கிண்ணம் ஊறுகாயோடு திரும்பி வந்தது. நாங்கள் சுண்டல் வைத்தோம். யார் பாக்கி, எதில் பாதி என்று இப்போது யாருக்கும் தெரியாது. போன தடவை கிண்ணத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் வந்தது: முறுக்குக்கு இன்னும் கொஞ்சம் காரம் போடலாமாம்.