ஒரு ஈத்துக்கு முன்னால்

குன்னூரில் எங்கள் வீட்டில், நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட மினியேச்சர் டாஷண்ட் நாய்களை வளர்ப்பதும், எப்போதாவது ஒரு ஈத்து எடுப்பதும் அப்பா காலத்திலிருந்து நடந்துவருகிறது. உறவினர்கள் இதை நாய் வியாபாரம் என்பார்கள். ஒரு ஈத்துக்கு ஆகும் மருத்துவச் செலவை நோட்டில் எழுதிவைக்கும் அம்மா, இப்படி நட்டப்படுகிற வியாபாரி ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவார். உண்மையில் இந்த வேலையின் பெரும்பகுதி எந்த நாயை இணை சேர்க்கக் கூடாது, எந்த மாதத்தில் சேர்க்கக் கூடாது, யாருக்குக் குட்டியைக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுப்பதிலேயே போய்விடுகிறது.

டாஷண்டின் குட்டைக் கால்களுக்குக் காரணமான மரபணு மாற்றங்களில் ஒன்று, முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்க வேண்டிய வட்டுகளில் சிறுவயதிலேயே சுண்ணாம்பு ஏறி அவை இறுகிப்போவதற்கும் காரணமாகிறது. இறுகிய வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால், காலையில் ஓடிய நாய் மாலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும். டாஷண்ட் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வாழ்நாளில் ஏதோ ஒரு அளவில் இந்த நோய்க்கு ஆளாகிறது. மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில்தான் அது அதிகம் வெளிப்படுகிறது. நாம் எதற்காக இந்த நாயை விரும்புகிறோமோ, அந்த உருவத்துக்குள்ளேயே நோயும் இருக்கிறது என்பதால், ஆபத்தே இல்லாத டாஷண்ட் என்று எவராவது விளம்பரம் செய்தால் நான் நம்புவதில்லை. குறைக்க முடியும், அவ்வளவுதான்.

குறைப்பதற்கு டென்மார்க், நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் பின்பற்றும் முறையை நாங்களும் இயன்றவரை பின்பற்றுகிறோம். நாய்க்கு இரண்டு வயது நிறைந்த பிறகு முதுகெலும்பு முழுவதையும் எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு ஏறிய வட்டுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை கூடினால் அந்த நாய்க்கும் அதன் வாரிசுகளுக்கும் ஆபத்து கூடும். இதற்காக மலையிறங்கிக் கோவைக்குப் போகிறோம். எங்கள் பொம்மிக்கு நல்ல தலை, நல்ல குணம், உதகை நாய்க் கண்காட்சியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்று பாராட்டிய நடை. எக்ஸ்ரே படத்தில் அவள் முதுகு வேறு கதை சொன்னது. அவளுக்குக் கருத்தடை செய்துவிட்டோம். இப்போது அம்மாவின் கட்டிலை முழுவதுமாக ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறாள்.

மே மாதத்தில் அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் அந்தக் கண்காட்சியைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு இந்த ஆர்வமே பிறந்தது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கோப்பையோ கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழோ ஒரு நாயின் தோற்றத்தையும் தலைமுறையையும் சொல்லுமே தவிர, அதன் முதுகைப் பற்றி எதுவும் சொல்லாது. நிறத்தைப் பற்றிய மோகமும் இப்படித்தான். புள்ளி புள்ளியாகத் தெரியும் டாப்பிள் நிறக் குட்டிக்குச் சந்தையில் விலை அதிகம் என்பதற்காக இரண்டு டாப்பிள் நாய்களை இணை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஈத்தில் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் இரு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்துசேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறக்கும் குட்டிகள் செவிடாகவோ பார்வையற்றோ போகும் ஆபத்து மிக அதிகம். இதற்கு ஆசை என்ற சொல் போதாது, கொடுமை என்றே சொல்ல வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு மாதக் கணக்கு முக்கியம். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள். சிறிய இனங்களில் குட்டி வழியில் சிக்கிக்கொள்வது அரிதல்ல. நன்றாக முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வராவிட்டால் மருத்துவர் வேண்டும், சில சமயம் சிசேரியன் வேண்டும். நள்ளிரவில் அதற்கு நாங்கள் மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அந்தச் சாலையில் எப்போது மண் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் பல உயிர்களைப் பறித்த மண்சரிவுகளை இங்கு யாரும் மறக்கவில்லை. ஆகவே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எங்கள் வீட்டில் ஈத்து கிடையாது. அடுத்து வரும் பனிக்காலத்தையும் கூடியவரை தவிர்க்கிறோம், ஏனென்றால் பிறந்த குட்டிகளால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தம் உடல் சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி வைக்க வேண்டும். சூடு அதிகமானால் தாயும் குட்டிகளும் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமல்லவா?

பெட்டை சினையாகிவிட்டது என்று தெரிந்ததும் அத்தை மறக்காமல் ஒரு கால்சியம் டானிக் வாங்கி வருவார். அன்போடு செய்வதுதான், ஆயினும் சினைக்காலத்தில் தேவைக்கு மேல் கால்சியம் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் உடலின் ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது. பிறகு பால் சுரப்பு உச்சத்துக்கு வரும்போது இரத்தத்தில் கால்சியம் திடீரென்று சரிந்து, தாய்க்கு நடுக்கமும் விறைப்பும் வலிப்பும் வரும். சிறிய இன நாய்களுக்கே இது அதிகம் வருகிறது; உடனே நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றாவிட்டால் உயிர் போகும். அத்தையின் டானிக் பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

குட்டி கேட்டு வருபவர்கள் பல வகை. சீசனில் வரும் சுற்றுலாப் பயணிகள் வேலிக்கு அப்பால் காரை நிறுத்தி விலை கேட்பார்கள், அவர்களுக்குக் கொடுப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, பெட்டைக்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேலும் வாழ்நாளில் ஐந்துக்கு மேலும் கூடாது, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவும் வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று ஈத்தோடு நிறுத்திவிடுவோம். உள்ளூர்க்காரர்களிடம் முதலில் கேட்பது, இரவில் நாய் எங்கே படுக்கும் என்பதே. தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் சிறுத்தை நடமாடும் ஊரில் வாசலில் கட்டிப்போடுவேன் என்று சொல்பவருக்குக் குட்டி கிடையாது. அடுத்த கேள்வி படிக்கட்டுகளைப் பற்றியது. குன்னூரில் படி இல்லாத வீடு ஏது? ஆனாலும் படியில் தூக்கிக்கொண்டு போகும் பொறுமை இருக்கிறதா என்று அறிய வேண்டியிருக்கிறது. எத்தனை வயதானாலும், என்ன காரணமானாலும், வளர்க்க முடியாமல் போனால் நாயை எங்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குகிறோம். வெறிநோய்த் தடுப்பூசி குட்டி போன பிறகு, மூன்றாம் மாதத்தில் வரும். போட்டாயிற்றா என்று அப்பா தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார். வெறிநோய்ச் சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கும் ஊர்க்காரர் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

எங்கள் இன்னொரு பெட்டை செம்பகம் ஆகஸ்ட் கடைசியில் ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்தாள். எக்ஸ்ரே சுத்தம், கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கான பரிசோதனையும் சரி, வயதும் மூன்று. இணை சேர்த்தால் நவம்பர் முதல் வாரத்தில் ஈனுவாள் என்று நாட்காட்டி காட்டியது. காத்திருக்கும் குடும்பங்களுக்கு அடுத்த கோடை வரை இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அவர்களில் இருவர் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.