விற்றால் வரியா, வைத்திருந்தால் வரியா?

என் ஃபிளாட்டுக்கு நேர் எதிரே ஒரு ஃபிளாட் இருக்கிறது. நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து அதில் யாரும் குடியிருந்து பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை கட்டடத்தைப் பராமரிக்கிறவர் வந்து பூட்டைத் திறப்பார், எல்லாக் குழாய்களையும் கொஞ்ச நேரம் திறந்துவிடுவார், ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் நிற்பார். ஏன் இதெல்லாம் என்று ஒரு நாள் கேட்டேன். தண்ணீர் ஓடாமலே கிடந்தால் சாக்கடைக் குழாயின் வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றிப்போய் நாற்றம் நேராக வீட்டுக்குள் ஏறிவிடும், அதனால்தான் என்றார். அப்புறம் பூட்டிவிட்டுப் போய்விட்டார். உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறாராம், இப்படி இன்னும் சில வீடுகள் வைத்திருக்கிறாராம். விற்கவும் மாட்டார், வாடகைக்கும் விட மாட்டார். விலை ஏறிக்கொண்டே இருக்கும்போது ஆளை வைத்து ஏன் தேய்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அதே தளத்தில் கடைசி வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. வாடகையை ஒரேயடியாக ஏற்றியதும், நகரத்துக்கு வெளியே வெகு தூரம் போய்விட்டார்கள். பள்ளி ஆண்டு நடுவில் அந்தப் பிள்ளை பள்ளி மாறியது. இருபதடி இடைவெளியில் ஒரு வீடு தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு பூட்டிக் கிடக்க, ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு போனதை என்னால் மறக்க முடியவில்லை. இந்தப் பதிவை எழுத அதுதான் காரணம்.

இதை என் பெரியப்பா மகனிடம் சொன்னேன். அண்ணனுக்கு இரண்டு ஃபிளாட், ஒன்றில் இருக்கிறார், ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கிறார். நல்ல மனிதர், கணக்கும் தெரிந்தவர். "தம்பி, பணக்காரன் மேல வரி போடுன்னு சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கும். கடைசியில அது வாடகைக்காரன் தலையிலதான் விடியும்" என்றார். பெரிய நகரம் எதில் வீட்டுப் பிரச்சினை பற்றிப் பேச்சு எழுந்தாலும் முதலில் வந்து விழுவது இந்த வாக்கியம்தான். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

நான் அவரிடம் கேட்டது இது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு ஃபிளாட். ஒருவர் கடன் வாங்கி வாங்கியிருக்கிறார், மாதாமாதம் தவணை கட்டுகிறார். இன்னொருவருக்கு அப்பா விட்டுப்போன வீடு, ஒரு காசு கடன் கிடையாது. இரண்டுக்கும் வாடகை வேறு வேறாகவா இருக்கிறது? இல்லையே. அந்தத் தெருவில் என்ன வாடகை போகிறதோ அதைத்தான் இரண்டு பேரும் வாங்குகிறார்கள். வீட்டுக்காரரின் செலவைப் பார்த்து வாடகை ஏறுவதில்லை, வீடு தேடி எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், எத்தனை வீடு காலியாகக் கிடைக்கிறது என்பதைப் பார்த்து ஏறுகிறது. ஏற்ற முடிந்தால் வரி வருவதற்கு முன்பே ஏற்றியிருப்பார்கள். ஆனால் வரி புதிதாக வீடு கட்டுவதைத் தடுத்தால், நாளைக்கு வீடு குறையும், அப்போது வாடகை நிச்சயம் ஏறும். அண்ணன் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். ஆகவே பணக்காரர் மேல் வரி போடலாமா கூடாதா என்று கத்திக்கொண்டிருப்பதைவிட, அந்த வரி எந்த இடத்தில் கை வைக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டுகிறவன் மேலா, விற்கிறவன் மேலா, சும்மா வைத்திருப்பவன் மேலா?

லாஸ் ஏஞ்சலஸைப் பாருங்கள். 2022 நவம்பரில் அந்நகர மக்கள் வாக்களித்து ஒரு வரியைக் கொண்டுவந்தார்கள். 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் சொத்துக்கு 4 சதவீதம், ஒரு கோடிக்கு மேல் போனால் 5.5 சதவீதம். பணம் முழுக்க மலிவு வீடுகளுக்கும் வாடகைக்காரர் பாதுகாப்புக்கும் போகும் என்று வாக்குறுதி. நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நானாக இருந்தால் நானும் வாக்களித்திருப்பேன். ஆனால் 'மாளிகை வரி' என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய அது மாளிகையோடு நிற்கவில்லை, அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் விழுந்தது. லாபம் வந்ததா நஷ்டமா என்று பார்க்காமல் மொத்த விற்பனை விலைக்கும் விழுந்தது. கட்டுமான நிறுவனம் ஒன்று நூறு வீடு கொண்ட கட்டடத்தைக் கட்டி மொத்தமாக விற்றாலும் அதே வரிதான். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, அதற்கு முன்பே அவசர அவசரமாக விற்றவர்கள் விற்றுவிட்டார்கள், மீதிப் பேர் விற்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். வரவும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. விற்கும்போது வரி என்றால், விற்காமலே இருந்துகொள் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

நியூயார்க்கில் இதைவிட வேதனையான கதை. 2019 ஜனவரியில் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் ஒரு ஃபிளாட் சுமார் 23.8 கோடி டாலருக்கு விற்பனையானது. அமெரிக்காவில் அதுவரை எந்த வீடும் அந்த விலைக்குப் போனதில்லை. வாங்கியவர் கென் கிரிஃபின் என்ற நிதி நிறுவன அதிபர், வருஷம் முழுக்க அங்கே இருக்கப் போகிறவரும் இல்லை. இந்த மாதிரி வந்துபோகும் வீடுகளுக்கு வருடாந்திர வரி வேண்டும் என்ற பழைய கோரிக்கைக்கு அந்த ஒரு விற்பனை உயிர் கொடுத்தது. சட்டம் வந்துவிடும் என்றே பலரும் நினைத்தார்கள். கடைசி நேரத்தில் ரியல் எஸ்டேட் துறை எதிர்த்து நின்றது, வருடாந்திர வரி கைவிடப்பட்டது, பதிலாக வாங்கும்போது ஒரே ஒரு முறை கட்டுகிற வரியை ஏற்றினார்கள், அதன் உச்சம் 3.9 சதவீதம். கவனியுங்கள், துறைக்கு எது வலிக்கும் என்று துறைக்கே நன்றாகத் தெரியும். ஒரு தடவை கட்டிவிட்டுப் போவதை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள், ஆண்டுதோறும் கட்டுவதைத்தான் ஏற்கவே மாட்டார்கள். இத்தனைக்கும் அந்த மாநிலச் சட்டப்படி சொந்த ஃபிளாட்டுகளைக்கூட வாடகைக் கட்டடங்களைப் போல வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள், அதனால் கோடிக்கணக்கில் விலைபோகும் ஃபிளாட்டுக்கு வரிப் புத்தகத்தில் இருக்கும் மதிப்பு விலைக்குப் பக்கத்திலேயே வராது.

மதிப்பீடு என்றதும் இங்கிலாந்து ஞாபகம் வருகிறது. அங்கே வீட்டு வரிக்கு இன்றைக்கும் 1991 ஏப்ரல் மாத விலைதான் அடிப்படை. அப்போது பிறந்த குழந்தைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. எவ்வளவு பெரிய மாளிகையாக இருந்தாலும், அதே பகுதியின் மிகச் சிறிய வீட்டைப்போல மூன்று மடங்குதான் வரி, அதற்கு மேல் கிடையாது. 2028 ஏப்ரலிலிருந்து 20 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீடுகளுக்கு ஆண்டுக்கு 2,500 முதல் 7,500 பவுண்டு வரை கூடுதலாக வாங்கப்போவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சிறிய தொகைதான், ஆனால் வருடாவருடம் வருகிற தொகை. திசை சரி.

கனடாவின் வான்கூவர் நகரத்தில்தான் என் எதிர் ஃபிளாட்டுக்குப் பொருத்தமான மருந்து இருக்கிறது. 2017-இல் தொடங்கிய காலி வீட்டு வரி. வருஷத்தில் ஆறு மாதமாவது யாராவது குடியிருக்க வேண்டும், உரிமையாளரோ வாடகைக்காரரோ யாரானாலும் சரி. இல்லையென்றால் வீட்டு மதிப்பில் ஒரு சதவீதம் என்று ஆரம்பித்தார்கள், இப்போது மூன்று சதவீதம். ஒவ்வொரு வருஷமும் உரிமையாளரே வீட்டின் நிலையை எழுதிக்கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் காலி என்றே எடுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு விதியை நான் மிகவும் மதிக்கிறேன். அதிகாரி வீடு வீடாகப் போய்க் கதவு தட்ட வேண்டியதில்லை, நிரூபிக்கும் பொறுப்பு வீடு வைத்திருப்பவருடையது. உரிமையாளர் இறந்துவிட்டால், மருத்துவமனையில் இருந்தால், அனுமதி வாங்கிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தால் விலக்கு உண்டு. வரியைக் கட்ட விரும்பாதவருக்கு வழி எளிது, யாரையாவது குடிவைத்தால் போதும். வரிப்பணமே வராமல் போனால் இந்த வரி முழு வெற்றி. இப்படி ஒரு வரியை எங்கே பார்க்க முடியும்?

அண்ணனுக்கு இது பிடித்திருந்தது. அவர் வீடு காலியாக இல்லையே. ஆனால் ஆண்டு வரியைப் பற்றிப் பேசியதும் இன்னொன்று கேட்டார். "சரி, ஒரு வயசான அம்மா. வீட்டுக்காரர் போயிட்டார். நாப்பது வருஷமா இருக்கிற வீடு, அக்கம்பக்கம் விலை ஏறி இன்னைக்குக் கோடிக்கணக்கில. கையில மாசாமாசம் பென்ஷன்தான். அந்தம்மாவையும் வெளியே தள்ளுவியா?"

இந்தக் கேள்வியை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு கட்டிப்போட்டு, சொத்து கைமாறும்வரை மதிப்பையும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஆக்கியதற்கு இந்த அம்மாவின் முகம்தான் முன்னால் நிறுத்தப்பட்டது. அந்த அம்மாவைக் காப்பாற்றப்போய், அதே பாதுகாப்பைப் பெரிய பெரிய வணிக நிறுவனங்களின் நிலத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். புதிதாக வாங்குகிற இளம் குடும்பம் முழு விலைக்கு வரி கட்ட, பக்கத்திலேயே பல காலமாக வைத்திருப்பவர் அதில் சொற்பத்தைக் கட்டுகிறார். இதைவிட நேரான வழி வான்கூவர் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் இருக்கிறது. 55 வயது தாண்டியவர்கள் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொத்து வரியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். வட்டியோடு கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், வீடு விற்கும்போது அல்லது அவர் காலத்துக்குப் பிறகு அரசு எடுத்துக்கொள்ளும். அந்த அம்மா தன் வீட்டில் நிம்மதியாக இருக்கலாம். அவரைக் காட்டி ஆறு வீடு வைத்திருப்பவர் தப்பிக்க முடியாது.

ஆண்டு வரியிலும் நிலத்துக்கு ஒரு கணக்கு, கட்டடத்துக்கு ஒரு கணக்கு என்று பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி. நிலத்தை யாரும் உற்பத்தி செய்யவில்லை, வரி போட்டால் அது குறைந்துவிடப் போவதுமில்லை. கட்டடம் அப்படி இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் 1913-இலேயே இதை ஆரம்பித்தது, நிலத்துக்குக் கூடுதல் விகிதம், கட்டடத்துக்குக் குறைந்த விகிதம். பல தலைமுறை ஓடியது. கடைசியில் 2001-இல், நெடுநாள் விட்டுவிட்டு மறுமதிப்பீடு செய்தபோது பலரின் வரி திடீரென்று எகிற, மக்கள் கொதித்துப்போய், அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். தப்பு வரியில் இல்லை, மதிப்பீட்டை ஊறப்போட்டதில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா 2012-இல் இருபது ஆண்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. வீடு வாங்கும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அந்த வருமானத்தை நிலத்தின் மீதான ஆண்டு வரியில் எடுப்பது. ஒரே நாளில் செய்ய முடியாது என்று ஒத்துக்கொண்டு இருபது வருஷம் எடுத்துக்கொண்ட அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே சிலர், வரியெல்லாம் வேண்டாம், கட்ட விட்டால் போதும் என்பார்கள். கட்ட விட வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் இன்னும் நெருக்கமாக, இன்னும் உயரமாகக் கட்ட அனுமதித்தது, அதற்குப் பிறகு அங்கே கட்டட அனுமதிகள் வெகுவாகக் கூடின. ஆனால் அனுமதி கிடைத்த நிலத்தை வைத்துக்கொண்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவரை எது கட்டவைக்கும்? நில வரிதான். அனுமதி கதவைத் திறக்கிறது, வரி பின்னாலிருந்து தள்ளுகிறது. இந்த இரண்டு கூட்டமும் ஏன் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு விளங்கவே இல்லை.

இரண்டையும் சேர்த்துச் செய்த நகரம் வியன்னா. முதல் உலகப்போர் முடிந்து, பஞ்சமும் பணவீக்கமுமாக இருந்த நேரம். வாடகைக் கட்டுப்பாட்டால் நிலத்தை வாங்க ஆளில்லாமல் விலை விழுந்திருந்தது, நகராட்சி வாங்கிப் போட்டது. நகர நிதியைக் கவனித்த ஹூகோ பிரைட்னர் அதற்கு முன் வங்கி இயக்குநராக இருந்தவர், பணம் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? 1923-இல் வீடு கட்டும் வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லோரும் கட்ட வேண்டும், சிறிய வீட்டுக்குப் பெயரளவில், பெரிய மாளிகைக்குப் பல மடங்கு. அந்த வரியையும் நகரத்தின் மற்ற வரிப் பணத்தையும் வைத்து 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற ஒரு கட்டடம் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள். இன்றைக்கும் அந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ அரசு உதவியோடு கட்டிய வீட்டிலோ இருக்கிறார்கள். ஆசிரியரும் அங்கே இருப்பார், பேருந்து ஓட்டுநரும் இருப்பார்.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "வரியை வாங்கிட்டு வீடு கட்டாம வேற எதுக்காவது செலவு பண்ணிட்டாங்கன்னா?" என்றார். நியாயமான பயம், எனக்கும் உண்டு. அந்தக் காலத்து வியன்னா கட்டடங்களின் முகப்பில் பெரிய எழுத்துகளில் ஒரு வாசகம் பதித்திருப்பார்கள். வியன்னா நகராட்சியால், வீடு கட்டும் வரியின் பணத்தில், இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுக்குள் கட்டப்பட்டது என்று. தெருவில் போகிற யாரும் தலையை நிமிர்த்திப் படிக்கலாம். அப்படி ஒரு முகப்பின் படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் இப்போது என்ன வாடகை என்று கேட்டார்.