உள்ளங்காலின் மேடும் பள்ளமும்

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் என் கணவரின் பெரியப்பா தமது வலது காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்து, "இதைக் கொஞ்சம் பாரம்மா, நீ லேபில்தானே இருக்கிறாய்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காவடி எடுத்து, வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து, தீ மிதித்துப் பழகிய கால் அது. குதிகாலின் உட்புறத்தில், நீரில் நனைந்த தாளில் மை ஊறிப் பரவியதைப் போல, ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத ஒரு கறை இருந்தது. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் நல்ல கறுப்பு, இன்னொரு பக்கம் சாம்பல் கலந்த பழுப்பு, நடுவில் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. எட்டு மாதங்களாக அதைக் காலாணி என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் இரண்டு முறை சீவிவிட்டு, மருந்துப் பட்டை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். சீவிய தோலை யாரும் ஆய்வுக்கு அனுப்பவில்லை.

மதுரையிலிருந்து திருமணமாகி டர்பனுக்கு வந்தது முதல், பத்தொன்பது ஆண்டுகளாக நான் திசு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவர்கள் வெட்டி அனுப்பும் தசைத் துணுக்கை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்னும் கருவியில் மெல்லிய ஏடாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைக்கத்தக்க கண்ணாடித் தகடாக்குவது என் பணி. நோயின் பெயரைச் சொல்வது நோய்க்கூறியல் மருத்துவரின் பொறுப்பு. ஆனால் அவர் சரியாகச் சொல்வதற்கும் தவறாகச் சொல்வதற்கும் இடையில் எங்கள் கத்தி இருக்கிறது. குறிப்பாக உள்ளங்கால் தோலில் அது எவ்வளவு உண்மை என்பதை, பெரியப்பாவின் காலைப் பார்த்த பிறகுதான் நானே முழுமையாக உணர்ந்தேன்.

தோல் புற்று என்றவுடன் இந்நாட்டில் எல்லோரும் வெயிலைத்தான் நினைக்கிறார்கள். வெள்ளைத் தோலுக்கும், நிறமி குன்றிப் பிறந்தவர்களின் தோலுக்கும் அது முற்றிலும் பொருந்தும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வின் அடுத்தடுத்த எழுத்துகளை ஒட்டவைத்துப் பிழையாக்குகிறது. அந்தப் பிழையின் தடயத்தைப் புற்றுச் செல்லின் மரபணுவில் இன்றும் படிக்கலாம். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு இனத்தவருக்கும் மெலனோமா என்னும் கருநிறமிப் புற்று வருவதே அரிது. வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருகிறது. இந்த வகை எல்லா இனத்தாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தோன்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற வகைகள் நமக்குக் குறைவு என்பதால், நமக்கு வருவதில் இதன் பங்கு பெரிதாகிறது. 1886ஆம் ஆண்டிலேயே லண்டனில் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் நகத்தடிப் புற்றையும், கறுப்பு நிறம் நகத்தைத் தாண்டி அருகிலுள்ள தோலில் பரவும் அடையாளத்தையும் விவரித்துவிட்டார். இருந்தும், அமெரிக்காவின் ரிச்சர்ட் ரீட் உள்ளங்கால் வகையை ஒரு தனி வகையாகப் பிரித்துச் சொன்னது 1976இல்தான். அதற்கு அடுத்த ஆண்டு ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லியின் கால் கட்டைவிரல் நகத்தடியில் இதே வகைப் புற்று கண்டறியப்பட்டது. 1981இல், 36 வயதில், அவர் இறந்தார். பந்து விளையாடியபோது பட்ட காயம் என்று முதலில் எண்ணப்பட்ட புண் அது.

உள்ளங்கால் தோலின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விஷயமே அதில்தான் இருக்கிறது. உங்கள் குதிகாலை உற்றுப் பாருங்கள்: உழுத வயலைப் போல மேடும் பள்ளமுமாக இணைகோடுகள் ஓடும். வியர்வைத் துளைகள் மேட்டின் உச்சியில், சர்க்கரைத் துகளை வரிசையாக வைத்தாற்போலத் திறக்கின்றன. பள்ளத்தில் அவை இல்லை. மேட்டுக்கு நேர் கீழே, வியர்வைக் குழாய் நுழைந்து செல்லும் மேல்தோல் மடிப்பு ஒன்று இருக்கிறது. பள்ளத்துக்குக் கீழே வேறொரு மடிப்பு இருக்கிறது. தீங்கற்ற மச்சத்தின் செல்கள் பெரும்பாலும் பள்ளத்தின் மடிப்பில் குடியிருக்கும். மெலனோமாவோ, தொடக்க நிலையிலேயே மேட்டின் மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பானின் தோஷியாகி சைதாவும் அவருடைய குழுவினரும் இதைத் தோல்நோக்கி என்னும், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகக் காட்டி நிறுவினார்கள்: கறுப்புக் கோடு பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் அச்சமில்லை, மேட்டில் ஓடினால் உடனே துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு கட்டளை பிறக்கிறது. துணுக்கை ரேகைக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று தகட்டில் அலையலையாகத் தெரியும். செல்கள் எதில் இருக்கின்றன என்று மருத்துவர் எண்ணிப் பார்த்துச் சொல்லலாம். ரேகையோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டிவிட்டால், ஒரே பள்ளத்தின் மச்சச் செல்கள் இடைவெளியின்றி நீண்டு தெரிந்து, சாதாரண மச்சமே மெலனோமாவைப் போல வேடமிடும். துணுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறிச் சுருங்கிய பிறகு ரேகை எந்தத் திசையில் ஓடியது என்று கண்டுபிடிப்பது, மணியரிசியில் முனையைத் தேடுவதைப் போன்ற வேலை. நான் விளக்கைச் சாய்த்து, அதன் நிழலில் கோட்டைத் தேடிய பிறகுதான் மெழுகை ஊற்றுவேன். அடுத்த சிரமம், உள்ளங்காலின் கெட்டியான மேற்படலம். அது கத்தியில் படும்போது நொறுங்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கே தடிமனுள்ள சீவல் நாடா கிழியும். மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டியின் மேல் முகங்கவிழ்த்து நெடுநேரம் ஊறவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால்தான் முழு நாடா வெதுவெதுப்பான நீரில் சுருக்கமின்றி மிதக்கும். இளையவர்கள் அவசரப்படும்போது இந்த ஒன்றுக்காக மட்டும் நான் கடிந்துகொள்கிறேன்.

நம் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. புற்றுச் செல்லை அடையாளம் காண, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைப் பூசும்போது, ஆய்வகங்களில் வழக்கமாகப் பழுப்பு நிறச் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். தோலின் நிறமியான மெலனினும் பழுப்புதான். கறுத்த தோலில் எது சாயம், எது இயல்பான நிறமி என்று தெரியாமல் போகும். ஆகவே சிவப்புச் சாயத்தைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது முன்கூட்டியே நிறமியை வெளுக்க வேண்டும், அல்லது செல்லின் கருவில் மட்டும் படியும் சாக்ஸ்10 போன்ற எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோல் என்றால் வெளுத்த தோல் என்று எண்ணி வகுக்கப்பட்ட வழக்கங்களை, நம் ஊர்த் தோலுக்காகத் திருத்திக்கொள்வதை ஒரு சலுகையாகக் கருதக் கூடாது. அது சரியான வேலையின் பகுதி.

காலில் காணும் கறுப்பெல்லாம் புற்று அல்ல. ஓடி ஆடுபவர்களின் குதிகாலில் இரத்தம் கசிந்து, மேற்படலத்தில் உறைந்து கறுப்புப் புள்ளிகளாக நிற்பதுண்டு. மேலாகச் சுரண்டினாலே போய்விடும். ஒருவகைப் பூஞ்சையும் பழுப்புத் திட்டை உண்டாக்கும். குவாசுலு-நட்டாலில் மறக்கக் கூடாதது கபோசி சர்கோமா என்னும் வேறு வகைப் புற்று. எச்.ஐ.வி. மிகுந்த இம்மாகாணத்தில், கருஞ்சிவப்பான திட்டுகளாகப் பாதத்தில் அது வருவதை அடிக்கடி காண்கிறோம். அதை உண்டாக்கும், 1994இல் கண்டறியப்பட்ட எட்டாம் வகை ஹெர்பிஸ் வைரஸின் புரதத்துக்கு எதிர்ப்பொருள் பூசினால், செல் கருக்கள் புள்ளி புள்ளியாகச் சாயமேறி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றுள் எது என்று கண்ணால் மட்டும் தீர்ப்புச் சொல்லிச் சீவி எறிவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெரியப்பாவின் துணுக்கு எங்கள் ஆய்வகத்துக்கு வரவில்லை. அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் என் முன்னால் வைத்தார். "பிரெஸ்லோ 3.4 மில்லிமீட்டர், புண் உண்டு" என்பது, மெலனோமா என்று உறுதிப்படுத்திய அந்த அறிக்கையின் முக்கியமான வரி. நான் பேத்தியின் பள்ளி அளவுகோலை வாங்கி, மூன்றரைக் கோட்டைக் காட்டினேன். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர், 98 நோயாளிகளின் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்து, மேல்தோலின் குறுணைப் படலத்திலிருந்து மிக ஆழத்தில் இறங்கிய புற்றுச் செல் வரை அளந்து, பரப்பைவிட ஆழமே நோயாளியின் நாளைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். 0.76 மில்லிமீட்டருக்குக் குறைவாக இறங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். "அப்படியென்றால் எட்டு மாதத்துக்கு முன்னால் எத்தனை இருந்திருக்கும்?" என்று பெரியப்பா கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்த விடை, சீவி எறிந்த தோலோடு குப்பைக்குப் போய்விட்டது. எழுதும்போது இப்போதும் கை கோபத்தில் நடுங்குகிறது.

சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றபோது, "அவ்வளவு நல்ல தோலை ஏன் வெட்டுகிறார்கள்?" என்று பெரியம்மா மனம் வருந்தினார். அவருக்கு நான் சொன்னது, எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு. போரிஸ் பாஸ்டியன் குழுவினர் 2000ஆம் ஆண்டில், கை கால் மெலனோமாக்களில் சில மரபணுக்கள் பல மடங்காகப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். பிறகு, நுண்ணோக்கியில் முற்றிலும் இயல்பாகத் தெரிந்த சுற்றுத் தோலைச் சோதித்தபோது, அங்கும் இங்குமாக ஒற்றை ஒற்றைச் செல்களில் அதே பெருக்கம் இருந்தது. அதாவது, உருவத்தில் எந்த மாற்றமும் தெரியாத விதைச் செல்கள், கறைக்கு வெளியே முன்கூட்டியே பரவி நிற்கின்றன. கறையின் விளிம்பிலேயே வெட்டினால் மீண்டும் முளைப்பது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. நடக்கும்போது அதிக அழுத்தம் விழும் இடங்களில்தான் உள்ளங்கால் மெலனோமா கூடுதலாக வருகிறது என்று 2016இல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டியதையும் சொன்னேன். காவடியால் வந்ததா என்று பெரியம்மா உடனே கேட்டார். அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். தீ மிதித்ததற்கு அம்மன் தந்த தண்டனை என்று எவரும் அவரிடம் பேசிவிடக் கூடாது என்பது என் கவலை.

அறுவை நடந்தது. தொடையிடுக்கில், புற்று முதலில் எட்டக்கூடிய காவல் நிணநீர்க் கணுவையும் எடுத்துப் பல மட்டங்களில் சீவிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. தொடையிலிருந்து எடுத்த தோல் குதிகாலில் பிடித்துக்கொண்டது. இவ்வாண்டு அவர் காவடி எடுக்கவில்லை. கோயில் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, வருபவர்களின் பாதத்தில் மஞ்சள் நீர் ஊற்றினார்.

போன வாரம் தோல் மருத்துவரிடம் மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். இடது உள்ளங்காலின் வளைவிலும் ஒரு மெல்லிய பழுப்புத் தடம் இருப்பதாகச் சொல்லி, பெரியப்பா இரவெல்லாம் தூங்காமல் வந்திருந்தார். மருத்துவர் தோல்நோக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளைத் துகள்கள் வரிசையாக மின்னிய மேடுகள் சுத்தமாக இருந்தன. அவற்றின் இடையில், பென்சிலால் இழுத்தாற்போல, பழுப்புக் கோடுகள் ஓடின. "பள்ளத்தில்தான் இருக்கிறது பெரியப்பா" என்றேன். மருத்துவர் படம் எடுத்து, தேதி குறித்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.