எவை கூட வரும்

2024 செப்டம்பர் 14, சனி. கோவை, சிங்காநல்லூர்

பெர்லின் வேலைக்கான விசா நேற்று கையில் கிடைத்தது. புறப்பட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தலா 23 கிலோ எடையில் இரண்டு பெட்டிகளும் கைப்பை ஒன்றும்தான் அனுமதி என்பதால், பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த அறையில் சேர்த்த கருவிகளையெல்லாம் தரையில் பரப்பி, எது வரும், எது நிற்கும் என்று காலையிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை கவலையில்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். செருகியின் வடிவம் மட்டுமே வேறு. ஆகவே அம்மா கட்டாயப்படுத்தித் தரும் மிக்ஸி அங்கேயும் ஓடும். கிரைண்டர் வராது. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் அந்தக் கல்லின் எடையை எந்த விமானமும் மன்னிக்காது. 20,000 மில்லியாம்ப்-மணி பவர் பேங்க் கைப்பையில் வரலாம், 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி, வரம்பு 100.

மாலைக்குள் ஒன்று புரிந்தது. ஒரு கருவி எவ்வளவு வேகமானது, எவ்வளவு புதியது என்றே இத்தனை காலம் மதிப்பிட்டு வந்திருக்கிறேன். அதை இன்னோர் இடத்துக்குப் பெயர்த்துச் செல்ல முடியுமா என்ற கேள்வியை எந்தப் பொருளிடமும் நான் கேட்டதில்லை. இனிமேல் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.

2024 செப்டம்பர் 22, ஞாயிறு. கோவை

பரணில் இருந்து அப்பாவின் குறுந்தகடுகள் இறங்கின. எங்கள் பகுதி வாசகர் வட்டத்துக்கு 1999 முதல் 2006 வரை அப்பா கௌரவச் செயலாளராக இருந்தார். கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், நூல் பட்டியல்கள், நன்கொடைக் கணக்குகள் என மொத்தம் 412 கோப்புகள். தட்டச்சு வேலையை அவரே இரவில் அமர்ந்து செய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கணினி மீது எனக்கு ஆசை பிறந்த இடம் அந்த நாற்காலிதான்.

கோப்புகளை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குவியல். அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியில் தமிழ் என்பது ஒரு வேடம் மட்டுமே. கணினி உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்தை, அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனவுடன் அப்பாவின் ஏழாண்டு உழைப்பு வாசிக்க முடியாத கிறுக்கலாகிவிடுகிறது. எங்கள் ஊரில் செம்மொழி மாநாடு நடந்த 2010ஆம் ஆண்டில்தான் எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு என்ற உலகத் தரத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்கு முன்பு தட்டச்சு செய்யப்பட்ட தமிழில் எவ்வளவு இப்படிப் பரண்களில் முடங்கிக் கிடக்கிறதோ என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இந்தக் கோப்புகள் என்னோடு வருகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி அப்பாவின் கைப்பேசியிலேயே படிக்கத் தருவேன் என்று சொல்லிவிட்டேன். "உனக்கு எதுக்கு கண்ணு இந்த வேலை" என்றார், ஆனால் மறுநாளே இன்னும் மூன்று குறுந்தகடுகளைத் தேடி எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

2024 அக்டோபர் 1, செவ்வாய். கோவை

இன்று முழுவதும் வங்கியில் கழிந்தது. வெளிநாட்டில் குடியேறுபவர் தம் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வரும் ஓடிபி, பதிவு செய்த இந்திய எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக மட்டுமே வருமாம், வேறு வழி அவர்களிடம் இல்லையாம். ஆகவே ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நான் இருந்தாலும் இங்குள்ள ஒரு சிம் அட்டையை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. 2015 ஜூலையில் வேறு மாநிலத்துக்குப் போனாலும் அதே எண் என்றானது. அந்தச் சுதந்திரத்தை நான் கொண்டாடியவன். அதே எண்ணே இன்று என்னை ஓரிடத்தில் கட்டிப்போடும் முளைக்குச்சியாகியிருக்கிறது. இதற்கான தீர்வு 2011இலேயே ஒரு திறந்த தரமாக வெளியாகிவிட்டது. கைப்பேசியும் சேவையகமும் ஓர் இரகசியத்தை ஒரு முறை பகிர்ந்துகொண்டால் போதும். அந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, வழக்கமாக முப்பது வினாடிக்கு ஓர் எண்ணை இரண்டும் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்ளும். சிம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், எந்த நாடு என்ற கேள்வியும் இல்லை. என் மின்னஞ்சலும் என் சேவையகமும் இப்படித்தான் பாதுகாக்கப்படுகின்றன. பணத்தைக் காக்கும் இடத்தில் இது இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

சேவையகம் இங்கேயே இருக்கும். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றும் இரண்டு வன்தட்டுகளும் அப்பாவின் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில். இங்குள்ள இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால் வெளியிலிருந்து நேரே உள்ளே நுழைய முடியாது. உள்ளிருந்து வெளியே வயர்கார்டு என்ற மென்பொருளால் ஒரு சுரங்கம், அதாவது பாதுகாப்பான தனி இணைப்பு, தோண்டி வைத்துவிட்டேன். மின்சாரம் போய்த் திரும்பினால் தானே எழுந்து சுரங்கத்தைத் திறக்கிறதா என்று ஆறு முறை செருகியைப் பிடுங்கிச் சோதித்தாயிற்று.

2024 அக்டோபர் 6, ஞாயிறு. பெர்லின், நாய்க்கோல்ன்

வந்து சேர்ந்தேன். வெளியே ஒன்பது டிகிரி. ஞாயிறு என்பதால் கடைகள் எல்லாம் அடைப்பு. தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும் என்று அலுவலகத் தோழி சொல்லியிருந்தபடி அங்கே போய் அரிசியும் தயிரும் வாங்கினேன். இந்த 2024இல் 49 யூரோவுக்கு ஒரு மாதம் நாடு முழுவதும் உள்ளூர் ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் ஏறலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு என்ற எளிமைக்காகவே இந்த நாட்டின் மீது முதல் நாளே மதிப்பு வந்துவிட்டது.

மிக்ஸி ஓடுகிறது.

2024 அக்டோபர் 17, வியாழன். பெர்லின்

குடியேறிய 14 நாட்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும், முன்பதிவு வேண்டும். முன்பதிவு கிடைக்க, காலை ஏழு மணிக்குத் திரையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் காத்திருக்க வேண்டும். இன்று கிடைத்தது. அலுவலகத்தில் வேலை எட்டே நிமிடத்தில் முடிந்தது. பெண் அலுவலர் பொறுமையாகப் பேசினார், என் ஜெர்மனைத் திருத்தவும் செய்தார். முத்திரையிட்ட ஒரு தாளைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தேன்.

இதன் பிறகு எல்லாமே தபால்தான். 11 இலக்க வரி எண் தபாலில் வருமாம். வங்கி அட்டை ஓர் உறையில், அதன் இரகசிய எண் வேறோர் உறையில். தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் என் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார் என்பதால், இந்த நகரத்தில் நான் முதலில் அமைத்த இடைமுகம் தபால் பெட்டியில் ஒட்டிய ஒரு பெயர்ச்சீட்டு.

வந்தவர்கள் பலர் இதைப் பழமை என்று அலுத்துக்கொள்கிறார்கள். 2016இல் வந்த யுபிஐ-யில் இளநீர்க் கடையில்கூட நொடியில் பணம் செலுத்திப் பழகிய எனக்கு, வாடகை போய்ச் சேர ஒரு வேலை நாள் ஆவது விந்தையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் தாளுக்கு ஒரு நற்குணம் உண்டு: அதற்கு எழுத்துரு தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை, எந்த நிறுவனமும் மூடிப்போய் அதைச் செல்லாததாக்கிவிட முடியாது. அப்பாவின் 412 கோப்புகளும் அச்சிடப்பட்டிருந்தால் இன்று நேராக வாசித்திருப்பேன்.

2024 அக்டோபர் 27, ஞாயிறு. பெர்லின்

நள்ளிரவுக்குப் பின் மூன்று மணியானபோது கடிகாரம் இரண்டுக்குத் திரும்பியது. விழித்திருந்து பார்த்தேன். கோவைக்கும் எனக்கும் மூன்றரை மணி நேர இடைவெளி இருந்தது, இனி மார்ச் இறுதி வரை நாலரை. என் மடிக்கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் 2:30 இரண்டு முறை வந்திருக்கிறது. எது முன், எது பின் என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இயந்திரங்கள் உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும், மனிதருக்குக் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்க வேண்டும் என்பதைப் பாடமாகப் படித்தவன்தான். நேரம் மாறாத நாட்டில் வாழ்ந்ததால் என் சொந்தச் சேவையகத்திலும் மடிக்கணினியிலும் அதைக் கடைப்பிடிக்காமல் விட்டிருந்தேன். இன்று இரண்டையும் மாற்றினேன்.

2024 நவம்பர் 10, ஞாயிறு. பெர்லின்

கூரையில் பழைய விமானம் தொங்கும் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஜெர்மன் பொறியாளர் கொன்ராட் சூசே தன் பெற்றோரின் வீட்டுக் கூடத்தில் 1936 தொடங்கி 1938 வரை கட்டிய ஸெட்1 கணினியின் மறுவடிவம் அங்கே இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அவரே மீண்டும் கட்டித் தந்தது. மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக, ஒரு பெரிய கட்டிலின் அளவில். தகடு இந்தப் பக்கம் நகர்ந்தால் சுழி, அந்தப் பக்கம் நகர்ந்தால் ஒன்று. இரும எண்களில், மிதவைப் புள்ளிக் கணக்கைச் செய்யும் ஓர் இயந்திரத்தை, மின்னணுவின் துணையின்றி, நண்பர்களின் பண உதவியோடு ஓர் இளைஞர் வீட்டுக் கூடத்தில் கட்டியிருக்கிறார். அந்தத் தகடுகளின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன்.

அசல் ஸெட்1 போரில் குண்டுவீச்சில் அழிந்தது. 1941இல் தொலைபேசி ரிலேக்களை (மின்காந்தச் சுவிட்சுகளை) கொண்டு அவர் உருவாக்கிய ஸெட்3, நிரலால் இயங்கிய முதல் கணினி எனப் பலரும் சொல்வது, அதுவும் அழிந்தது. தப்பியது ஸெட்4 மட்டுமே. காரணம், 1945இல் போர் முடியும் தறுவாயில் சூசே அதைப் பெர்லினிலிருந்து பெயர்த்தெடுத்துக் கோட்டிங்கனுக்கும், பின்னர் தெற்கே ஆல்கோய் மலையடிவாரத்துக் கிராமத்துக்கும் கொண்டுபோய்விட்டார். 1950இல் அது சூரிக் தொழில்நுட்பக் கல்லூரியில் வாடகைக்கு இயங்கத் தொடங்கியது. இன்று மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று வாரம் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஒரு கணினியை முழுதாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த அந்த மனிதரின் மேல் சொல்லில் அடங்காத அன்பு வந்தது.

2024 நவம்பர் 23, சனி. பெர்லின்

அலுவலகத்தில் தந்த மடிக்கணினியில் ஜெர்மன் விசைப்பலகை. நான் தமிழ்99 முறையில் விசைகளைப் பார்க்காமல் தட்டச்சு செய்பவன் என்பதால் பிழையில்லை. தற்செயலாகக் குனிந்து பார்த்தால் மட்டும் ந இருக்கும் விசையின்மேல் இரு புள்ளி வைத்த ஓ (Ö), ய-வின்மேல் இரு புள்ளி வைத்த ஏ (Ä), ள-வின்மேல் ஸெட் (Z). தமிழ்99 விரல்களில் குடியிருப்பது. எந்த நாட்டு விசைப்பலகையிலும் அதே இடத்தில் ந கிடைக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனை 2024இல் பெர்லினில் அனுபவிக்கிறேன்.

மாலையில் கோப்பு மாற்றும் பைத்தான் நிரலை எழுதினேன். பாமினியில் கொம்பு முதலில், எழுத்து பிறகு; கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. நாம் உச்சரிக்கும் வரிசை. ஆகவே ஒவ்வொரு கொம்பையும் தூக்கி அடுத்த எழுத்தின் பின்னால் வைக்க வேண்டும், கொம்பும் காலும் இருபுறம் நிற்கும் 'கொ' போன்றவற்றை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும். இரவு ஒரு மணிக்கு முதல் கோப்பு தமிழாக எழுந்து வந்தது. 'தீர்மானம் 1' என்ற சொற்களைப் பார்த்தபோது அப்பாவின் குரலே கேட்டதுபோல் இருந்தது. நான் பயன்படுத்தும் லிப்ரே ஆபீஸைப் பேணும் அறக்கட்டளை 2012இல் இதே பெர்லினில்தான் பதிவு செய்யப்பட்டது.

2024 டிசம்பர் 28, சனி. பெர்லின்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று முதல் புதிதாக விற்கப்படும் கைப்பேசி, டேப்லெட், கேமரா எல்லாவற்றிலும் யூஎஸ்பி-சி துளை இருந்தாக வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வருகிறது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் வரை அவகாசம். இப்படிச் சட்டம் போட்டால் புதுமை தடைபடும் என்று வாதிட்டவர்களை நான் படித்திருக்கிறேன், அதை ஏற்கவில்லை. பெட்டி அடுக்கியபோது எடை பார்த்தேன்: வெவ்வேறு முனைகள் கொண்ட கம்பிகளும் மின்னேற்றிகளும் மட்டும் 1.4 கிலோ. அந்த எடையில் அம்மா தந்த இட்லிப் பொடியும் இன்னொரு கம்பளிச் சட்டையும் வந்திருக்கும்.

2025 ஜனவரி 14, செவ்வாய். பெர்லின்

இங்கே வேலை நாள். விடியுமுன் எழுந்து, மின் அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் பொங்கல் வைத்தேன்.

கடந்த 9ஆம் தேதி முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் நொடிகளில் வந்து சேரும் உடனடிப் பணப் பரிமாற்றத்தைப் பெற்றுக்கொண்டே ஆக வேண்டும். அக்டோபர் முதல் அனுப்பவும் வேண்டும். நல்ல சேதி.

412 கோப்புகளில் 407 மாறிவிட்டன. ஐந்து இருந்த குறுந்தகடு படிக்கவே முடியாதபடி கெட்டிருக்கிறது. அலமாரிச் சேவையகத்தில் ஏற்றி, அப்பாவின் கைப்பேசியில் தேடும் வசதியோடு சென்ற வாரம் தந்தேன். 'கௌரவச் செயலாளர்' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை என்றார். நிரலின் குறை அது. பாமினியில் ஔகாரக் குறியின் வலப்பக்கத்தை ள என்ற எழுத்தின் விசையாலேயே அடிப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், யூனிகோடில் அவை வேறு. 'கௌரவ' என்பது 'கெளரவ' என்று நான்கெழுத்தாகப் பதிந்து கிடந்தது. 'வெளி', 'தெளிவு' போன்ற சொற்களில் ள-வாகவே நிற்க வேண்டும், 'மௌனம்', 'கௌரவம்' போன்றவற்றில் ஔகாரமாக வேண்டும். இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. எந்தச் சொல்லில் எது என்று அப்பா ஒரு தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்பினார். அதை வைத்து நேற்றிரவு எல்லாவற்றையும் திருத்தினேன்.

இன்று காலை அவரே அழைத்தார். தேடினாராம், வந்துவிட்டதாம். முதலில் வந்தது எது என்று கேட்டேன். "தொண்ணூத்தொம்பது, தைப்பொங்கல் கூட்டம் கண்ணு. இரு, படிக்கறேன்" என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடங்கினார்: வாங்கிய நூல்கள் பதினான்கு, தேநீர்ச் செலவு நாற்பத்தாறு ரூபாய், அலமாரிக்குப் பூட்டு வாங்குவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.