நின்ற கிரஷரை நம்பாதீர்கள்

அசையாத தாடைக்கும் அசையும் தாடைக்கும் நடுவே கல்லை நசுக்கி உடைக்கும் ஜா கிரஷர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாய்ப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். அந்தச் சத்தமும் அதிர்வுமே ஆளை விரட்டிவிடும். மோட்டாரை அணைத்து, சத்தம் அடங்கிய பிறகுதான் கம்பியும் சுத்தியலுமாக மேலே ஏறுகிறோம். மோசமான விபத்துகளில் பல அப்போதுதான் நடக்கின்றன. மின்சாரத்தை நிறுத்துவதால் மோட்டாருக்குப் போகும் சக்தி மட்டுமே நிற்கிறது. இயந்திரத்துக்குள் ஏற்கெனவே தேங்கியிருக்கும் விசை அங்கேயே இருக்கிறது. அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், இந்த இயந்திரத்தைக் கையாள்வதில் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஃப்ளைவீல். டன் கணக்கில் எடையுள்ள இந்தச் சக்கரங்கள் மின்சாரம் போன பிறகும் சில நிமிடங்கள் சுற்றும். பாதுகாப்பு மூடியான கார்டு மறைத்திருப்பதால் வெளியிலிருந்து சரியாகத் தெரியாது. சத்தம் நின்றதை வைத்து முடிவு செய்யாமல், சக்கரம் அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நின்ற சக்கரத்தையும் நம்ப முடியாது. ஃப்ளைவீலில் எதிர்எடை இருக்கிறது. அது அசையும் தாடையின் எடைக்கு ஏற்பச் சமன் செய்யப்பட்டது. தாடையின் முகத்தில் மாட்டியிருக்கும் தேய்ந்த தகட்டை, அதாவது ஜா பிளேட்டைக் கழற்றியதும் அந்தச் சமநிலை மாறும். யாரும் தொடாமலே சக்கரம் அரைச் சுற்று திரும்பலாம், அதோடு தாடையும் நகரும். பிளேட்டில் கை வைப்பதற்கு முன் ஃப்ளைவீலைப் பின் போட்டோ, கட்டை கொடுத்தோ பூட்டச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது டென்ஷன் ராடில் இருக்கும் ஸ்பிரிங். தாடையைப் பின்னாலிருந்து தள்ளும் டாகிள் பிளேட் கீழே விழாமல் அதை இறுக்கிப் பிடித்திருப்பது இந்த ஸ்பிரிங்தான். தாடையைச் சங்கிலியாலோ ஜாக்கியாலோ தாங்கிக் கட்டாமல் அந்த நட்டைத் தளர்த்தினால், டாகிள் பிளேட் விழும், தாடை ஆடும். ஹைட்ராலிக் முறையில் அட்ஜஸ்ட் செய்யும் இயந்திரங்களில் எண்ணெய் அழுத்தம் தேங்கியிருக்கும். அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் இருந்தால் பம்ப் நின்ற பிறகும் அழுத்தம் குறையாது. கேஜ் பூஜ்யம் காட்டாமல் எந்த ஹோஸையும் கழற்றக் கூடாது. ஹாப்பரில் தொங்கிக்கொண்டிருக்கும் கற்களை மறந்துவிடுகிறோம். அவை சரிய மின்சாரம் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது, தாடைகளுக்கு நடுவே இறுகிய பொருள். கல் சிக்கி கிரஷர் திணறி நின்றுவிட்டால், அந்தக் கல் அழுத்தி வைத்த ஸ்பிரிங் போன்றது. அது விடுபடும் நொடியில் தாடை உதறும், ஃப்ளைவீல் பின்பக்கமாகச் சுற்றும், கல் மேல்நோக்கிப் பாயும். சிக்கியது இரும்பாக, உதாரணத்துக்கு எக்ஸ்கவேட்டர் பக்கெட்டின் பல்லாக இருந்தால், துப்பாக்கியிலிருந்து கிளம்புவது போலக் கிளம்பும். மேலே குனிந்து நின்று சுத்தியலால் அடிப்பதும் கேஸ் கட்டரால் அறுப்பதும் உயிரைப் பறித்த வேலைகள்.

சிக்கலை எடுக்கும் முறை இது. கிரஷருக்குள் கல்லைத் தள்ளும் ஃபீடரை நிறுத்தி, பிறகு கிரஷர், ஃபீடர், வெளியேற்றும் கன்வேயர் மூன்றுக்கும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டர்களை அணைக்க வேண்டும். வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேர் என்றால் ஐந்து பூட்டு. பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறான ஐசொலேட்டரைப் பூட்டியிருந்தால் இங்கேதான் தெரியும். ஃப்ளைவீலைப் பூட்டிவிட்டு, தூரத்திலிருந்து பார்த்து, சிக்கியது கல்லா இரும்பா என்று முடிவு செய்யுங்கள். கல் என்றால் ஹைட்ராலிக் பிரேக்கரால் உடைக்கலாம், அல்லது கிரேனில் ஸ்லிங் கட்டித் தூக்கலாம். அந்த நேரத்தில் வாயைச் சுற்றி ஒருவரும் நிற்கக் கூடாது. இரும்பு என்றால் முதலில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அதாவது தயாரிப்பாளர் கையேடு சொல்லும் முறையில் தாடைகளின் இடைவெளியை அகலமாக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் ஆள் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஃபீடரில் கல் இருக்கக் கூடாது, ஹார்னஸ் மேலே உறுதியான இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், வெளியே ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

ஆனால் இந்த வேலையே அடிக்கடி வருகிறது என்றால், தவறு கிரஷருக்கு மேலேயோ கீழேயோ இருக்கிறது. மேலே என்றால் கல்லின் அளவு. உள்ளே போகும் மிகப் பெரிய கல், வாய் அகலத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 600 மி.மீ. வாய்க்கு 480 மி.மீ. கல்தான் எல்லை. பெரிய கல்லை வெட்டுக்குழியிலேயே உடைத்து அனுப்புவது, கிரஷர் வாயில் உடைப்பதைவிட எப்போதும் மலிவு. ஈரமான களிமண் கலந்த பொருளும் அடைக்கும், அதைக் கம்பிச் சல்லடையான கிரிஸ்லியில் பிரித்துவிட வேண்டும். கீழே என்றால் கன்வேயர். அது நின்ற பிறகும் கிரஷர் ஓடினால் கிரஷருக்குக் கீழே கல் இறங்கும் சரிவுப் பாதையில் கல் குவிந்து, தாடையின் அடிவரை ஏறி, வெளியேற வழியில்லாமல் இறுகும். கன்வேயர் நின்றால் ஃபீடர் தானாக நிற்கும்படி இன்டர்லாக் இருக்க வேண்டும். "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று அதை பைபாஸ் செய்வது சில இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இயக்கும் வரிசையும் இதே தர்க்கம்தான். கடைசி கன்வேயரில் தொடங்கி, சல்லடை, கிரஷர், முடிவில் ஃபீடர் என்று கீழிருந்து மேலே இயக்க வேண்டும். நிறுத்தும்போது தலைகீழ்: முதலில் ஃபீடர், கிரஷர் முழுதும் காலியான பிறகே மோட்டார். கல் நிரம்பிய நிலையில் ஸ்டார்ட் செய்தால் பெல்ட் நழுவிக் கருகும், மோட்டார் சூடேறும். திடீரென மின்சாரம் போய்க் கல்லோடு நின்றுவிட்டால், மேலே சொன்ன முறையில் காலி செய்துவிட்டுத்தான் மறுபடி இயக்க வேண்டும்.

டாகிள் பிளேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தாடையைத் தள்ளும் உறுப்பு மட்டுமல்ல, வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்ட பாகமும்கூட. உடைக்க முடியாத இரும்பு உள்ளே வந்தால் அது உடைந்து, தாடையை ஆட்டும் எக்சென்ட்ரிக் ஷாஃப்டையும் பேரிங்கையும் ஃபிரேமையும் காப்பாற்றும். உடைந்ததற்கு வெல்டு போட்டு மறுபடி மாட்டுவதும், பக்கத்துப் பட்டறையில் தடித்த பிளேட் செய்து போடுவதும் ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவது போன்றது. அடுத்த முறை பிளேட் தாங்கும், ஷாஃப்ட் தாங்காது. அடிக்கடி உடைகிறது என்றால் பிளேட்டைத் திட்டிப் பயனில்லை. குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இடைவெளியை இறுக்கியிருக்கிறீர்களா, கல்லோடு தூளும் மண்ணும் போய் அடியில் கெட்டிப்படுகிறதா, ஸ்பிரிங் தளர்ந்து பிளேட் இருக்கையில் மோதுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்வு காதிலேயே தெரியும்: காலியாக ஓடும்போது பின்பக்கத்தில் 'டக் டக்' என்ற தட்டல். அதற்காக அளவுக்கு மீறி இறுக்கினால் ராடு அறுந்துபோகும். கையேட்டில் ஸ்பிரிங்கின் நீளம் கொடுத்திருப்பார்கள், அந்த அளவுக்கு வைத்தால் போதும்.

வெளியேறும் வாயின் இடைவெளியை, அதாவது சி.எஸ்.எஸ். (closed side setting) அளவை, தாடைகள் மிக நெருங்கி நிற்கும் நிலையில் அடியில் எடுக்க வேண்டும். ஒரு பிளேட்டின் பல் முனையிலிருந்து எதிர்ப் பிளேட்டின் பள்ளம் வரை எடுப்பதா, முனையிலிருந்து முனைக்கா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். எந்த முறையோ, ஒவ்வொரு முறையும் அதே முறையில் எடுத்து எழுதி வையுங்கள். இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் என்ற தகடுகளைப் போடும் இயந்திரத்தில் ஜாக்கியை நம்பி இடுக்கில் விரல் விடக் கூடாது. ஷிம்மைப் பிடிக்க நீளமான கைப்பிடி செய்துகொள்ளலாம்.

ஜா பிளேட் மாங்கனீஸ் எஃகு. 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த இந்த எஃகில் 12 சதவீதத்தை ஒட்டி மாங்கனீஸ் இருக்கும். புதிதாக வரும்போது அவ்வளவு கடினமாக இருக்காது, கடினத்தன்மை ஏறத்தாழ 200 பிரினெல் அளவுதான். அடி வாங்க வாங்க மேல்தோல் இறுகும், உள்ளே முறியாத தன்மை அப்படியே இருக்கும். சிறிய கல்லையும் மணலையும் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் பிளேட் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் இதுதான்: உராய்வு இருக்கிறது, இறுகப் போதுமான அடி இல்லை. வேலையில் அடிபடும் இந்த எஃகு கொஞ்சம் பரவவும் செய்யும். பிளேட்டின் ஓரம் மலர்ந்து பக்கச் சுவரைக் காக்கும் சீக் பிளேட்டை முட்டினால் கிரைண்டரால் தேய்த்துவிட வேண்டும். கீழ்ப்பகுதி முதலில் தேயும் என்பதால், பல் முழுதும் மழுங்குவதற்கு முன்பே பிளேட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் ஆயுள் கூடும். திருப்பும்போது முதுகுப் பக்கத்தையும் இருக்கையையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அங்கே ஒரு கல்துண்டு சிக்கியிருந்தால் பிளேட் ஆடும், ஆடும் பிளேட் தாடையின் முகத்தையே தின்றுவிடும்.

மாங்கனீஸைப் பற்றி இன்னும் இரண்டு. தூக்குவதற்காக அதில் கொக்கி வெல்டு செய்யாதீர்கள். சூட்டில் இந்த எஃகு நொறுங்கும் தன்மை பெறும், வெல்டு எப்போது கழன்று விழும் என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளர் கொடுக்கும் தூக்கும் கருவிதான் வழி. இரண்டாவது, இது காந்தத்தில் ஒட்டாது. கன்வேயர் மேலே தொங்கும் காந்தம், உடைந்து விழுந்த ஜா பிளேட் துண்டை எடுக்காது; அந்தத் துண்டு நேராக அடுத்த கோன் கிரஷருக்குள் போகும். அதைப் பிடிக்க மெட்டல் டிடெக்டர் வேண்டும்.

பேரிங்குக்கு கிரீஸ் போடுவதில் தாராளம் காட்டுகிறவர்கள்தான் அதிகம். அளவுக்கு மீறினால் உள்ளே கிரீஸ் கடைபட்டுச் சூடேறும். சூட்டைப் பார்த்துவிட்டு 'கிரீஸ் போதவில்லை' என்று இன்னும் ஏற்றுவார்கள். நிப்பிளைத் துடைத்துவிட்டு, கையேடு சொல்லும் கிராம் கணக்கில் மட்டும் போடுங்கள். வேறு அடிப்படையுள்ள கிரீஸைக் கலந்தால் இரண்டும் இளகி ஒழுகிவிடலாம். வெப்பநிலையைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எடுத்து எழுதினால், எண்ணைவிட மாற்றம்தான் அதிகம் பேசும். வெளிக்காற்று அப்படியே இருக்க, ஒரு பக்கம் மட்டும் நேற்றைவிட 15 டிகிரி ஏறியிருந்தால் காரணம் தேட வேண்டும். பெல்ட் மிகவும் இறுக்கமாக இருக்கலாம், சீல் வழியே தூசி போயிருக்கலாம். கொதிக்கும் பேரிங்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கல்லை நிறுத்திக் காலியாக ஓட்டி ஆறவிடுங்கள்.

வி-பெல்ட்டின் இறுக்கத்துக்கு ஒரு பழைய கணக்கு: இரண்டு புல்லிகளுக்கு இடையே ஒரு மீட்டருக்கு 16 மி.மீ. அமுங்கினால் சரி, எவ்வளவு விசையில் அழுத்த வேண்டும் என்பது பெல்ட் வகையைப் பொறுத்தது. ஒன்று அறுந்தாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். பழையவற்றோடு புதியதைச் சேர்த்தால் சுமை முழுதும் புதியதன் தலையில் விழும்.

தூசியை அழுக்கு என்று நினைக்கிறார்கள். கருங்கல் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் மிக நுண்ணிய பகுதிதான் நுரையீரலின் அடிவரை போகிறது, அதனால் வரும் சிலிகோசிஸுக்கு மருந்தில்லை. கல் விழும் இடங்களில் நுண்தெளிப்பு நாசில் வையுங்கள், அடைத்த நாசில்களை ஷிஃப்டுக்கு ஒரு முறை பாருங்கள். கம்ப்ரசர் காற்றால் இயந்திரத்தையும் சட்டையையும் ஊதுவதை நிறுத்திவிட்டு வேக்குவத்தையோ தண்ணீரையோ பயன்படுத்துங்கள். முகத்தில் சுற்றிய துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் வடிகட்டி முகமூடி வேண்டும், தாடி இருந்தால் அதுவும் சரியாக ஒட்டாது.

பிளேட் மாற்றியபின் திரும்ப இயக்கும்போது: வாய்க்குள் ஸ்பேனர் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள், ஃப்ளைவீல் பூட்டைக் கழற்றி ஒரு சுற்று மெதுவாகத் திருப்பி எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்யுங்கள், கார்டுகளை மாட்டுங்கள், அவரவர் பூட்டை அவரவரே எடுங்கள். ஹாரன் அடித்துவிட்டு அரை மணி நேரம் காலியாக ஓட்டுங்கள். பிறகு கல் போட்டு ஓட்டிவிட்டு, மறுபடி நிறுத்தி, மறுபடி பூட்டி, பிளேட்டைப் பிடித்திருக்கும் வெட்ஜ் போல்டுகளை இறுக்குங்கள். புதிய பிளேட் முதல் சில மணி நேரத்தில் இருக்கையில் படிந்து அமரும், அப்போது போல்டு தளரும். முதல் ஷிஃப்ட் முடிவில் இன்னொரு முறை இறுக்க வேண்டும்.